விளையாட்டை நம்பிப் பிழைக்க முடியுமா? சிங்கப்பூரில் என்ன படிக்கலாம், எங்கே சேரலாம்

ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது. மகன் உயர்நிலை 4 படிக்கிறான், பள்ளிக் காற்பந்துக் குழுவில் இருக்கிறான், மதிப்பெண் நடுத்தரம். உடற்கல்வி ஆசிரியராகவோ பயிற்றுவிப்பாளராகவோ ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான். அப்பாவுக்கு அதில் மனமில்லை. இதை நம்பிப் பிழைக்க முடியுமா, எங்கே சேர்ப்பது என்று கேட்கிறார். கூடவே இன்னொன்று: நாத்தனார் மகள் சென்னையில் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் முடித்துவிட்டுத் திருமணமாகி இங்கே வந்திருக்கிறார், அவருக்கு ஏதாவது வழி உண்டா?

நான் பல ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி கற்பித்தவன். இப்போது இந்தத் துறைக்குப் புதிதாக வரும் இளையர்களுக்கு வழிகாட்டி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பிழைக்க முடியும், நன்றாகவே பிழைக்கலாம். ஆனால் பையனிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது "உனக்கு எந்த விளையாட்டு பிடிக்கும்?" என்பது இல்லை. "நாள் முழுக்க யாரோடு வேலை செய்யப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். பந்தைக் கண்டு பயப்படும் எட்டு வயதுப் பிள்ளைகளோடா, முழங்கால் தேய்ந்துபோன எழுபது வயதுப் பாட்டியோடா, ஒரு நொடியைக் குறைப்பதற்காக வருடக்கணக்கில் ஓடும் வீரரோடா? இந்தத் துறையில் ஏறக்குறைய எல்லா வேலையும் இன்னொருவரின் உடம்போடு செய்கிற வேலைதான். தான் நன்றாக விளையாடுவதால் மட்டும் இதில் யாரும் நிலைத்ததில்லை. அவன் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் படிப்பும் நிறுவனமும் அமையும்.

பள்ளிப் பிள்ளைகள்தான் என்றால் உடற்கல்வி ஆசிரியர் வேலை. இந்தத் துறையிலேயே நிலையான வருமானமும் மத்திய சேமநிதியும் மருத்துவச் சலுகையும் சேர்ந்து கிடைப்பது இதில்தான், அப்பாவிடம் சொல்லுங்கள். கல்வி அமைச்சின் பள்ளிகளில் ஆசிரியராக வேண்டுமானால் தேசியக் கல்விக் கழகம் வழியாகத்தான் போக வேண்டும். 1984-இல் உடற்கல்விக்கென்றே இங்கே தனிக் கல்லூரி ஒன்று தொடங்கினார்கள். 1991-இல் அதையும் அப்போதிருந்த ஆசிரியர் பயிற்சிக் கழகத்தையும் இணைத்து, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின்கீழ் தேசியக் கல்விக் கழகமாக்கினார்கள். அங்கே சேர இரண்டு பாதை உண்டு. தொடக்கக் கல்லூரியோ பலதுறைத் தொழிற்கல்லூரியோ முடித்தவுடன் உடற்கல்வியைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட நான்கு ஆண்டுக் கல்வியியல் பட்டத்தில் சேரலாம். அல்லது வேறொரு பட்டம் முடித்துவிட்டுப் பட்டமேற்படிப்பு டிப்ளோமாவாக ஆசிரியர் பயிற்சி பெறலாம். கல்வி அமைச்சு தேர்ந்தெடுப்பவர்களுக்குப் படிப்புச் செலவையோ பயிற்சிக் காலச் சம்பளத்தையோ அமைச்சே பார்த்துக்கொள்ளும், அதற்குப் பதிலாகச் சில ஆண்டுகள் ஒப்பந்தப்படி பணியாற்ற வேண்டும்.

நேர்முகத் தேர்வைத் தவிர உடல்திறன் தேர்வும் உண்டு. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காற்பந்து மட்டும் ஆடி வளர்ந்த பையன்கள் நீச்சலிலும் ஜிம்னாஸ்டிக்ஸிலும் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே விளையாட்டில் மன்னனாக இருப்பதைவிட, பல விளையாட்டுகளில் அடிப்படை தெரிந்தவனாக இருப்பது ஆசிரியருக்கு முக்கியம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் அதில் ஐந்து பேருக்குத்தான் அவனுடைய விளையாட்டு பிடிக்கும். மற்ற முப்பத்தைந்து பேரையும் அசைய வைப்பதுதான் அவன் வேலை.

பெற்றோர் பலருக்குத் தெரியாத இன்னொன்று, உடற்கல்வி ஆசிரியர் உடற்கல்வி மட்டும் கற்பிப்பார் என்ற உறுதி கிடையாது. உயர்நிலைப் பள்ளிக்குப் பயிற்சி பெறுபவர்கள் இரண்டாவது பாடம் ஒன்றையும் எடுத்துப் படிக்கிறார்கள். பள்ளியின் தேவைக்கேற்ப கணிதமோ புவியியலோ எடுக்க நேரலாம். தேர்வுத்தாள் திருத்துவது, வகுப்பாசிரியர் பொறுப்பு, இணைப்பாட நடவடிக்கை, முகாம், பெற்றோர் சந்திப்பு எல்லாம் உண்டு. உடற்கல்விப் பாடமும் நாம் படித்த காலத்தில் இருந்ததுபோல் "ரெண்டு ரவுண்டு ஓடு, அப்புறம் பந்தை எடு" என்று இல்லை. நடனம், ஜிம்னாஸ்டிக்ஸ், வெளிப்புறக் கல்வி எல்லாம் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. நீச்சல் தெரியாத பிள்ளை இருக்கக்கூடாது என்று 2010-இல் ஸ்விம்சேஃபர் திட்டம் வந்தது. உயர்நிலை 3 மாணவர்கள் அவுட்வர்ட் பவுண்ட் சிங்கப்பூருடன் ஐந்து நாள் சாகச முகாமுக்குப் போகிறார்கள்.

இந்த வேலைக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களிடம் நான் சி. குணாளனைப் பற்றிச் சொல்வேன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 நொடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2001-இல் யு.கே. ஷ்யாம் 10.37-இல் முறியடிக்கும்வரை 33 ஆண்டுகள் யாராலும் தொட முடியவில்லை. அவர் ஓடியது சில ஆண்டுகள்தான். ஆசிரியராகவும், பிறகு உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் விரிவுரையாளராகவும் இருந்ததுதான் நீண்ட காலம். ஓட்டத்தில் அவரைப் பார்த்தவர்களைவிட, அவரிடம் படித்த ஆசிரியர்களின் வகுப்பில் ஓடிய பிள்ளைகள் எத்தனையோ மடங்கு அதிகம்.

சரி, மதிப்பெண் நடுத்தரம் என்கிறீர்கள். தொடக்கக் கல்லூரிக்குப் போக முடியாவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை தேவையில்லை. இவனுக்கு நான் முதலில் சொல்லக்கூடியது பலதுறைத் தொழிற்கல்லூரிதான். உட்லண்ட்ஸில் இருக்கும் ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி இதற்கென்றே ஒரு முழுப் பிரிவு நடத்துகிறது. விளையாட்டு, உடற்பயிற்சி அறிவியல் ஒரு டிப்ளோமா. விளையாட்டுப் பயிற்றுவிப்பு இன்னொன்று. வெளிப்புறச் சாகசக் கல்வி, சுகாதார மேம்பாடு என்றும் பாடங்கள் இருந்து வருகின்றன. பாடங்களின் பெயர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும், சில பாடங்களை ஒன்றாகச் சேர்ப்பார்கள், ஆகவே சேரும் ஆண்டின் பட்டியலை அவர்களுடைய இணையத்தளத்திலேயே பாருங்கள். நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் விளையாட்டு நிர்வாகத்தை ஒட்டிய டிப்ளோமா உண்டு. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் விளையாட்டு நிர்வாகம், உடலுறுதிப் பயிற்சி சார்ந்த ஹையர் நைடெக், நைடெக் எனப்படும் தொழிற்சான்றிதழ் படிப்புகளை நடத்தி வந்திருக்கிறார்கள். அங்கே தொடங்கி, நல்ல புள்ளிகள் எடுத்து, டிப்ளோமாவுக்கும் பிறகு பட்டத்துக்கும் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டு தாமதமாகும், அவ்வளவுதான்.

இந்த டிப்ளோமாக்களில் சேரும் பையன்கள் பலர் "இங்கே வந்தால் நாள் முழுக்க விளையாடலாம்" என்று நினைத்து வருகிறார்கள். முதல் ஆண்டிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், உயிரியக்கவியல், புள்ளியியல் என்று வரிசையாக வரும்போது முகம் வாடிவிடுகிறது. தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஓடும்போது இதயம் எப்படித் துடிக்கிறது, தாவிக் குதிக்கும்போது முழங்காலில் எவ்வளவு விசை விழுகிறது, இதெல்லாம் படிக்க வேண்டும். அதனால்தான் ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றையும் இப்போது கைவிட வேண்டாம் என்று அவனிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். "விளையாட்டுக்குப் போகிறவனுக்கு அறிவியல் எதற்கு?" என்று வீட்டில் யாராவது சொன்னால் அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சில பள்ளிகளில் உடற்பயிற்சி, விளையாட்டு அறிவியலே ஓ லெவல் பாடமாக இருக்கிறது.

டிப்ளோமாவுக்குப் பிறகு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியலும் நிர்வாகமும் சேர்ந்த பட்டப் படிப்பு உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டுமென்றால், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் விளையாட்டு, உடற்கல்விப் பட்டத்தைப் பகுதிநேரமாக நடத்தி வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களும் நிறைய. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் நம் டிப்ளோமாவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு படிப்புக் காலத்தைக் குறைப்பதுண்டு. ஆனால் செலவு அதிகம். உள்ளூரில் இடம் கிடைத்தால் உள்ளூரிலேயே படிக்கட்டும் என்பேன்.

இனி பயிற்றுவிப்பாளர் வேலை. பையனுக்கு இதில்தான் ஆசை அதிகம் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்போர்ட் சிங்கப்பூர், பழைய பெயர் சிங்கப்பூர் விளையாட்டு மன்றம், 2003-இலிருந்து தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டை நடத்தி வருகிறது. பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கைப் பயிற்றுவிப்பாளராகப் போக இந்தப் பதிவு இருக்க வேண்டும். அதைப் பெற எஸ்ஜி கோச் என்ற பயிற்சித் திட்டத்தில் முதல் நிலையை முடிக்க வேண்டும். அதில் இரண்டு பகுதி உண்டு. எல்லா விளையாட்டுக்கும் பொதுவான கோட்பாட்டுப் பகுதி ஒன்று. அந்தந்த விளையாட்டின் தேசியச் சங்கம் நடத்தும் தொழில்நுட்பப் பகுதி இன்னொன்று. முதலுதவி, இதய இயக்க மீட்பு, ஏஇடி எனப்படும் இதய மின்னதிர்வுக் கருவி ஆகியவற்றுக்கான சான்றிதழும் செல்லுபடியாக இருக்க வேண்டும். காற்பந்தில் ஆசிய காற்பந்துக் கூட்டமைப்பின் உரிமங்கள் ஒவ்வொரு படியாக உண்டு: சி, பி, ஏ, அதற்குமேல் புரோ. சிங்கப்பூர் காற்பந்துச் சங்கம் அந்த வகுப்புகளை நடத்துகிறது. பதிவு பெற்றபின் அதைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடர்கல்வி நேரமும் காட்ட வேண்டும்.

சான்றிதழ் வாங்குவது கடினமில்லை. கடினம் வருமானத்தில் இருக்கிறது, பெற்றோர் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே பெரும்பாலான பயிற்றுவிப்பாளர்கள் சுயதொழில் செய்பவர்கள். மணிக்கு இவ்வளவு என்று பேசித்தான் சம்பளம். அந்த மணிக்கணக்கு காதில் விழும்போது பெரிதாகத் தோன்றும். ஆனால் பள்ளிப் பயிற்சி பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்குமேல்தான், ஒரு நாளில் இரண்டு பள்ளிக்குமேல் போக முடியாது. ஜூன் விடுமுறையிலும் ஆண்டிறுதி விடுமுறையிலும் வேலை சுருங்கிவிடும், தேர்வுக் காலத்தில் இணைப்பாட நடவடிக்கை நின்றுவிடும். முதலாளியின் மத்திய சேமநிதிப் பங்களிப்பு கிடையாது. ஆண்டுக்கு 6,000 வெள்ளிக்குமேல் நிகர வருமானம் இருந்தால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குச் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும். வீவக வீட்டுக்குக் கடன் கேட்கும்போது வருமானத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும், அதற்கு வரிக் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பது அவசியம். பள்ளி ஒப்பந்தங்களும் ஏலக்குத்தகை (டெண்டர்) முறையில் வருவதால், பல இளம் பயிற்றுவிப்பாளர்கள் ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின்கீழ்தான் வேலை செய்கிறார்கள். பள்ளி கொடுக்கும் தொகையில் ஒரு பங்குதான் அவர்கள் கைக்கு வரும். 2020-இல் கொவிட் வந்தபோது ஒரே வாரத்தில் எல்லாப் பயிற்சியும் நின்று, அரசாங்கத்தின் சுயதொழில் நிவாரணத்தை நம்பி இருந்த நண்பர்கள் எனக்கு உண்டு.

இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக இல்லை. நல்ல பயிற்றுவிப்பாளருக்கு இங்கே பஞ்சம்தான். காலையில் மூத்தோர் வகுப்பு, பிற்பகலில் பள்ளி, வார இறுதியில் ஸ்போர்ட் சிங்கப்பூரின் ஆக்டிவ்எஸ்ஜி பயிற்சிக்கழகமோ தனியார் பயிற்சிக்கூடமோ என்று நாளை நிரப்பத் தெரிந்தவர்கள் ஆசிரியருக்குச் சமமாகச் சம்பாதிக்கிறார்கள். இருபத்திரண்டு வயதிலேயே அப்படி அமைந்துவிடாது, அவ்வளவுதான். கையில் டிப்ளோமாவோ பட்டமோ இருந்து, கூடவே பயிற்றுவிப்பாளர் உரிமமும் இருப்பது பாதுகாப்பான வழி. உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஜிம்மில் தனிப்பட்ட பயிற்றுநர் வேலைக்கு ஏசிஇ, என்ஏஎஸ்எம், ஏசிஎஸ்எம் போன்ற அமெரிக்கச் சான்றிதழ்களைக் கேட்கிறார்கள். சில மாதங்களில் எடுத்துவிடலாம். ஆனால் பெரிய வணிக ஜிம்களில் பாதி வேலை பயிற்சி, பாதி வேலை விற்பனை. மாதம் இத்தனை பேக்கேஜ் விற்க வேண்டும் என்று இலக்கு வைப்பார்கள். பேச்சுத்திறன் உள்ள பையனுக்குப் பிடிக்கும், கூச்ச சுபாவம் உள்ளவனை அது வாட்டி எடுத்துவிடும்.

இப்போது வளர்ந்துகொண்டே இருக்கிற வேலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், மூத்தோர் பக்கம் கைகாட்டுவேன். இளையர் பலர் திரும்பியே பார்க்காத பக்கம் அது. நம் மக்கள்தொகை வேகமாக மூப்படைகிறது. 2023 ஜூலையில் ஹெல்தியர் எஸ்ஜி என்ற தேசிய நோய்த்தடுப்புத் திட்டம் தொடங்கியதிலிருந்து குடும்ப மருத்துவரே "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று எழுதித் தருகிறார். எழுதித் தந்தால் போதுமா? அந்தப் பயிற்சியைச் சரியாகச் செய்ய வைக்க ஆள் வேண்டாமா? நீரிழிவு உள்ளவருக்கு எவ்வளவு, இதய அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு எவ்வளவு, விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிறவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். சமூக மன்றங்கள், மூத்தோர் நிலையங்கள், ஸ்போர்ட் சிங்கப்பூரின் ஆக்டிவ் ஹெல்த் மையங்கள், மருத்துவமனைகள் என்று இடம் நிறைய. இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் பலம் இருக்கிறது. தமிழில் பேசி, கொஞ்சம் மலாயும் கலந்து, "அம்மா, கையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்குங்க" என்று சொல்லத் தெரிந்த பயிற்றுநர் நின்றால் நம் வீட்டுப் பாட்டிகள் வகுப்புக்கு வருகிறார்கள். நீரிழிவும் இதய நோயும் நம் சமூகத்தில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். இந்த வேலைக்கு நம் பிள்ளைகள் இன்னும் அதிகமாக வர வேண்டும் என்பது என் ஆசை.

உடற்குறையுள்ளோருக்கான விளையாட்டும் அப்படித்தான். சிங்கப்பூர் உடற்குறையுள்ளோர் விளையாட்டு மன்றம் 1973-இலிருந்து இயங்குகிறது. சிறப்புத் தேவைப் பள்ளிகளுக்கும் உடற்கல்வி தெரிந்தவர்கள் வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு இது மிக நல்ல துறை.

காயத்தைக் குணமாக்குவதில் ஆர்வம் இருந்தால் பிசியோதெரபி படிக்கலாம். சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம், அதாவது எஸ்ஐடி, அதற்குப் பட்டப் படிப்பு நடத்துகிறது. முடித்தபின் துணை மருத்துவத் தொழில் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். சேர்க்கைக்குப் போட்டி கடுமை, நடுத்தர மதிப்பெண் போதாது. டிப்ளோமாவில் மிக நன்றாகச் செய்தால் முயலலாம்.

உச்ச நிலை வீரர்களோடு வேலை செய்வது எல்லாப் பையன்களின் கனவு. தேசிய அணிகளுக்கு உடலியங்கியல், உளவியல், ஊட்டச்சத்து, வலுப் பயிற்சி நிபுணர்களைத் தருவது காலாங்கில் இருக்கும் உயர்திறன் விளையாட்டுக் கழகம். அங்கே இடங்கள் கொஞ்சம்தான், முதுநிலைப் பட்டம் பலரிடம் இருக்கும். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மட்டுமே நம்பிப் படிக்க வேண்டாம்.

சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளி பற்றியும் சிலர் கேட்பார்கள். 2004-இல் உட்லண்ட்ஸில் திறந்தது, 2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் தங்கம் வென்ற சாந்தி பெரேரா அங்கே படித்தவர். அதைக் காலாங்கிற்கு மாற்றப்போவதாக 2024 தேசிய தினப் பேரணியில் பிரதமர் அறிவித்தார். ஆனால் அது உயர்மட்ட வீரர்களுக்கான பள்ளி, பெரும்பாலும் உயர்நிலை 1-இலேயே சேர்வார்கள். உங்கள் மகனுக்கு இப்போது அது பொருந்தாது.

நிகழ்ச்சி ஏற்பாடு, அரங்க நிர்வாகம் போன்றவற்றுக்கும் ஆள் தேவை. 2025-இல் உலக நீர் விளையாட்டுப் போட்டி இங்கே நடந்தது, 2029-இல் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி வரப்போகிறது. நிர்வாக டிப்ளோமா படித்தவர்களுக்கு இது நல்ல நேரம்.

இனி நாத்தனார் மகள். சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி 1920-இல் தொடங்கியது, தமிழ்நாடு உடற்கல்வியியல், விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அங்கே படித்தவர்களின் அடிப்படை திடமாக இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்திய பி.பி.எட். பட்டத்தோடு நேராக இங்குள்ள அரசுப் பள்ளியில் ஆசிரியராக நிற்க முடியாது. அமைச்சு தேர்ந்தெடுத்து, தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்றாக வேண்டும். அதற்குமுன் அவருடைய விசாவைப் பாருங்கள். சார்ந்திருப்போர் அட்டையில் இருப்பவர்கள் வேலை செய்ய வேண்டுமானால் 2021 மே முதல் தனக்கென்று வேலை அனுமதி பெற வேண்டும், முன்பு அவர்களை வேலை செய்ய அனுமதித்த ஒப்புதல் கடிதம் இப்போது பொதுவாகக் கிடைப்பதில்லை. நிரந்தரவாசி என்றால் வழி எளிது: முதலுதவி, எஸ்ஜி கோச் முதல் நிலை, பயிற்றுவிப்பாளர் பதிவு, மூத்தோர் வகுப்புகள் என்று தொடங்கலாம். அனைத்துலகப் பள்ளிகளிலும், குறிப்பாக இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில், அவருடைய பட்டத்தை நன்றாகவே அறிவார்கள். அங்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

பையனுக்கு இந்த ஆண்டு செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் முன்கூட்டிய சேர்க்கை முறை உண்டு. மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் ஆர்வத்தையும் தகுதியையும் பார்த்து, ஓ லெவல் முடிவு வரும் முன்பே நிபந்தனையோடு இடம் தருவார்கள். விண்ணப்பம் வழக்கமாக ஜூன் கடைசியை ஒட்டித் திறக்கும். நேர்முகத்தில் "எனக்குக் காற்பந்து பிடிக்கும்" என்று சொல்பவர்கள் நூறு பேர் இருப்பார்கள். அதனால் அதற்குமுன் அவனை ஏதாவது ஒரு பயிற்சி வகுப்பில் உதவியாளாக நிற்க வையுங்கள்: அருகிலுள்ள சமூக மன்றம், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் வார இறுதிக் காற்பந்து, தாத்தா பாட்டிகளின் காலைப் பயிற்சி, எதுவானாலும் சரி. இப்போதே ஒரு முதலுதவிச் சான்றிதழும் எடுத்துவிடட்டும். சில வாரம் மற்றவர்களுக்குப் பந்து பொறுக்கிக் கொடுத்து, கூம்புகளை அடுக்கி, அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தபின்னும் அவனுக்கு இது பிடித்திருந்தால், அப்பாவையும் ஒரு நாள் அந்த வகுப்புக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள்.